ஜெபத்தில் மனம் அலைவதும் இருதயம் விலகுவதும்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தைகளில் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. திருமணமாகி இரண்டு வயதில் ஒரு பிள்ளை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்லூரி நாட்களில் வாலிபர் முகாமில் உங்களை ஒப்புக்கொடுத்தபோது இருந்த அனல் இப்போது இல்லை. காலையில் ஜெபிக்க உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் மனம் அலுவலகத்துக்கு ஓடிவிடுகிறது. வேதம் வாசிக்கச் செல்போனைத் திறந்தால் வாட்ஸ்ஆப்பில் போய் முடிகிறது. உலகத்தின் நடுவில் இருந்துகொண்டே முழு இருதயத்தோடு தேவனுக்கு வாழ முடியுமா, இல்லை வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்தால்தான் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: 'நான் பின்மாறிப் போய்விட்டேனா?' அந்தப் பயத்தோடு வந்தவரிடம் நேரத்தைத் திட்டமிடுவது பற்றிப் பேசி அனுப்பிவிடக் கூடாது. சேகர ஆயராக, அதாவது சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தின் போதகராக, கிராமத்திலும் நகரத்திலும் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இதே பயத்தோடு வந்த பலருடன் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும், இறையியல் கல்லூரியில் ஆதிச் சபையின் வரலாற்றைப் படித்ததிலிருந்தும் பதில் சொல்கிறேன்.

இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெபத்தில் மனம் அலைவது ஒன்று. இருதயம் தேவனை விட்டு விலகுவது வேறொன்று. இரண்டும் சேர்ந்து வருவது உண்டு என்றாலும், முதலாவதை வைத்து இரண்டாவதை முடிவுகட்டிவிட முடியாது. ஒரு நிமிடம்கூட மனம் நிலைக்காமல் தவிக்கிறவர் தேவனை உயிராய் நேசிக்கிறவராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அசையாமல் ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்கிறவரின் இருதயம் எப்போதோ வேறிடத்துக்குக் குடிபோயிருந்ததையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. அது உங்களை வருத்துகிறது என்பதே நல்ல அடையாளம். விலகிப்போனவருக்கு இது வலிப்பதில்லை.

மனம் அலைவதைச் செல்போன் காலத்து வியாதி என்று நினைக்க வேண்டாம். வட ஆப்பிரிக்காவில் இப்பூன் நகரத்தின் பேராயராக இருந்த அகுஸ்தீன், சுமார் 400ஆம் ஆண்டில் தன் வாழ்க்கையைத் தேவனிடம் அறிக்கையிட்டு எழுதியபோது இதை மறைக்காமல் சொல்கிறார். வீட்டில் உட்கார்ந்திருக்கையில் ஒரு பல்லி ஈயைப் பிடிக்கிறது. ஒரு சிலந்தி தன் வலையில் விழுந்த ஈயைச் சுற்றிக் கட்டுகிறது. அவர் கவனம் அங்கே போய்விடுகிறது. வயல்வெளியில் நாய் முயலைத் துரத்துவதைக் கண்டால் பெரிய சிந்தனைகூட அறுந்துபோகிறது. இப்படிப்பட்ட அற்பக் காரியங்களால் எங்கள் ஜெபங்கள் அடிக்கடி தடைப்படுகின்றன என்று வருந்துகிறார். மேற்கத்திய சபை முழுவதற்கும் ஆசிரியராக மதிக்கப்படுகிற ஒருவர், சுவரில் இருக்கும் பல்லியைப் பார்த்து ஜெபத்தை மறந்திருக்கிறார். அதை அவர் அற்பம் என்று தள்ளிவிடவும் இல்லை, அதனால் நம்பிக்கை இழக்கவும் இல்லை. தேவனுடைய இரக்கத்தைப் பற்றிக்கொண்டு மேலே போகிறார்.

அவர் காலத்தவரான எவாகிரியுஸ் என்ற துறவி உங்கள் கேள்விக்கு இன்னும் கிட்டே வருகிறார். கான்ஸ்டான்டிநோபிள் சபையில் முக்கியமான பொறுப்பில் இருந்தவர். மணமான ஒரு பெண்மேல் ஏற்பட்ட மோகத்துக்கு அஞ்சி அந்த நகரத்தை விட்டு எருசலேமுக்கு ஓடினார். அங்கிருந்து எகிப்தின் பாலைவனத்துக்குப் போய், 399இல் சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். உலகத்தை விட்டு ஓடுவது என்றால் இதற்குமேல் ஓட முடியாது. அங்கே போய் அவர் எழுதியது என்ன? துறவியைத் தாக்கும் எட்டுவகைத் தீய எண்ணங்களைப் பற்றி! அவற்றில் ஒன்றுக்கு நண்பகலின் பேய் என்று பெயர் சொல்கிறார். வெயில் ஏறிய வேளையில் துறவிக்குச் சூரியன் நகராமல் நின்றுவிட்டதுபோல் தோன்றும். ஒன்பதாம் மணிக்கு, அதாவது நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு, சாப்பாடு. அதற்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வெளியே எட்டிப் பார்ப்பார். சகோதரர் யாராவது இந்தப் பக்கம் வருகிறாரா என்று இங்கும் அங்கும் பார்ப்பார். இருக்கிற இடமும் செய்கிற வேலையும் கசந்துபோகும். வேறிடம் போனால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் வரும். தேவனைப் பிரியப்படுத்த இந்த இடம்தான் வேண்டுமா, அவரை எங்கும் தொழலாமே என்று பக்தியான ஒரு நியாயமும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். நாம் கூட்டத்தின் நடுவில் செல்போனை எடுத்துப் பார்க்கிறோமே, அதே காரியத்தை அவர்கள் சூரியனை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. இடத்தை மாற்றுவதால் மட்டும் மனம் நிலைபெறாது. வேலையை விட்டால் ஜெபம் தானாக வரும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், சொன்னவர் முழுநேர ஊழியத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆயர் வீட்டிலும் தொலைபேசி அடிக்கும். கணக்கு நோட்டு, கட்டட நிதி, கமிட்டிக் கூட்டம், திருமண ஓலை, அடக்க ஆராதனை எல்லாம் அங்கே காத்திருக்கும். வேதத்தைத் திறந்ததும், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு இதில் என்ன கிடைக்கும் என்று மனம் தேடத் தொடங்கும். தேவன் என்னோடு என்ன பேசுகிறார் என்று கேட்பதற்கு, வேதத்தையே தொழிலாகக் கொண்டவர் இன்னும் அதிகமாகப் போராட வேண்டியிருக்கும். ஆண்டவரும் தம்முடைய சீஷருக்காக ஜெபித்தபோது, 'நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளாமல், நீர் அவர்களைத் தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்' என்றுதான் ஜெபித்தார்.

பாலைவனத் துறவிகளில் முதன்மையானவர் அந்தோணியார். அவரைப் பற்றி அந்தத் துறவிகளே சொல்லிவந்த ஒரு செய்தி உண்டு. நகரத்தில் உனக்குச் சமமான ஒருவன் இருக்கிறான் என்று தேவன் அவருக்கு வெளிப்படுத்தினாராம். அந்த மனிதர் ஒரு வைத்தியர். தன் தேவைக்கு மிஞ்சியதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, நாள்தோறும் தேவதூதரோடு சேர்ந்து 'பரிசுத்தர்' என்று பாடி வந்தவர். துறவிகள் தங்கள் குருவைப் பற்றி இப்படி ஒரு கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். நீதிமன்ற வழக்குகளின் நடுவே கீர்த்தனைகள் எழுதினார். 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் தன் கைப்பொருளைப் பசித்தவர்களுக்குச் செலவிட்டார். வேதத்தில் தானியேலைப் பாருங்கள். நூற்றிருபது தேசாதிபதிகளுக்கு மேலே இருந்த மூன்று பிரதானிகளில் ஒருவர். இன்றைய கணக்கில் மிகப் பெரிய அரசு அதிகாரி. அவர் வேலையை விடவில்லை. தினம் மூன்று வேளை மேலறைக்குப் போய் முழங்காற்படியிட்டார். அவர்மேல் குற்றம் தேடியவர்களுக்கு அவருடைய அலுவலகக் கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சரி, அலைகிற மனத்தை என்ன செய்வது? எகிப்தின் துறவிகளிடம் கேட்டறிந்ததை ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே கொண்டுபோனவர் யோவான் காசியான். ஈசாக்கு என்ற முதியவர் தனக்குக் கற்றுக்கொடுத்ததாக அவர் எழுதிவைத்திருக்கும் முறையைத்தான் நான் பலருக்கும் சொல்லி வருகிறேன். ஒரே ஒரு வசனம்: 'தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.' சங்கீதம் 70இன் முதல் வசனம். பசி வந்தாலும், தூக்கம் வராவிட்டாலும், கோபம் மூண்டாலும், பெருமை தலைதூக்கினாலும், ஜெபத்தில் மனம் ஓடிப்போனாலும் இதையே சொல்லித் திரும்பி வா என்கிறார் அவர். ஓடிப்போன மனத்தைத் துரத்திப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தால், அந்தத் திட்டுதலே அடுத்த கவனச்சிதறல் ஆகிவிடும். பத்து நிமிடத்தில் இருபது முறை ஓடினால் இருபது முறை திரும்பி வாருங்கள். திரும்பி வருகிற ஒவ்வொரு முறையும் தேவனைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதை ஜெபம் கெட்டுப்போனதாக நான் எண்ணவில்லை. ஜெபம் நடந்தது என்றே எண்ணுகிறேன்.

எங்கள் சேகரத்தில் அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் இருந்தார். இரவுப் பணி, வார்டு நிறைய நோயாளிகள், வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியார். அமைதி வேளைக்கு அவருக்கு ஒரு மூலையும் இல்லை, ஒரு மணியும் இல்லை. ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுவார் அல்லவா, அந்த நேரத்தில் இந்த வசனத்தைச் சொல்லுவார். சோப்பு நுரைக்கும்போது பாதி, தண்ணீர் விழும்போது பாதி. அதோடு அடுத்த கட்டிலில் இருப்பவரின் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வார். இது ஜெபம் ஆகுமா ஐயா என்று அவர் தயங்கிக் கேட்டபோது நெகேமியாவைக் காட்டினேன். பாரசீக ராஜா தன் பானபாத்திரக்காரரான நெகேமியாவிடம், நீ கேட்கிற காரியம் என்ன என்று கேட்கிறார். பதில் சொல்லவேண்டிய அந்த இடைவெளியில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டு ராஜாவிடம் பேசுகிறார். எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு நேரம். உங்கள் அலுவலகத்திலும் அப்படிப்பட்ட இடைவெளிகள் இருக்கும். கணினி திறக்கும் நேரம், லிப்ட் வரும் நேரம், கூட்டத்துக்கு மற்றவர்கள் வந்து சேரும் நேரம். இப்போது அந்த நேரங்களில் கை எதை எடுக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஆனாலும் இந்தச் சிறு ஜெபங்களை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்று நான் சொல்லமாட்டேன். 'உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி' என்று ஆண்டவர் சொன்னது நமக்கும்தான். தனியாக ஒரு நேரம் வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில் எனக்குக் கறாரான கருத்து கிடையாது. இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் பதினைந்து நிமிடம் போதும். அதை ஒரு மணி நேரத்தோடு ஒப்பிட்டுக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். கறாராகச் சொல்வது இதைத்தான்: அந்த நேரத்தில் செல்போன் அந்த அறையில் இருக்கக் கூடாது. அச்சிட்ட வேதாகமத்தை எடுங்கள். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் வேதம் வாசிப்பது பாவம் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது தாராளமாக வாசியுங்கள். ஆனால் சங்கீதத்தின் பாதியில் திரையின் மேல்பக்கத்தில் மேலாளரின் பெயர் வந்து நின்றால், நீங்கள் எவ்வளவு பக்தியுள்ளவராக இருந்தாலும் கண் அங்கே போகும். அந்தக் கருவியைச் செய்தவர்கள் அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். தினமும் காலையில் அதோடு மல்லுக்கு நின்று தோற்பதைவிட, அதை வேறு அறையில் வைத்துவிடுவது புத்தி.

மார்ட்டின் லூத்தருக்கு முடிவெட்டிவந்த பேதுரு என்பவர், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். 1535இல் லூத்தர் அதற்குப் பதிலாக ஒரு சிறு நூலே எழுதிக்கொடுத்தார். நல்ல நாவிதர் கத்தியின்மேலும் முடியின்மேலும் கண்ணும் கருத்துமாக இருக்கவேண்டும், வேறெங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் வாடிக்கையாளரின் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவார், ஜெபமும் அப்படித்தான் என்றார். கேட்டவரின் தொழிலிலிருந்தே உவமையை எடுத்தார் பாருங்கள். அதே நூலில் அவர் தரும் எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும்: 'கொஞ்சம் பொறு, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கலாம், முதலில் இந்த வேலையை முடித்துவிடுகிறேன்' என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதே. அந்த வேலை அன்றைய ஜெபத்தையே விழுங்கிவிடும். அவர் காட்டும் வழி எளிது. கர்த்தருடைய ஜெபத்தின் ஒரு வரியையோ பத்துக் கட்டளைகளில் ஒன்றையோ எடுத்துக்கொள்ள வேண்டும். அது எனக்கு என்ன கற்பிக்கிறது, அதற்காக எதில் நன்றி சொல்லவேண்டும், அதில் நான் எங்கே தவறினேன், அதன்படி என்ன கேட்கவேண்டும் என்று வரிசையாகப் போக வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு நல்ல எண்ணம் இருதயத்தைப் பற்றிக்கொண்டால், மற்றவற்றை விட்டுவிட்டு அதிலேயே தங்கலாம். மனம் ஓடுகிறவர்களுக்கு, வார்த்தைகளே இல்லாமல் சும்மா கண்ணை மூடி உட்காருவதைவிட, இப்படிப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருப்பது உதவுகிறது. சத்தமாகப் பாடுவதும் அப்படித்தான். நம் கீர்த்தனைகளில் ஒன்றை முழுவதும் பாடி முடிப்பதற்குள் பாதி மனம் வந்து சேர்ந்துவிடும்.

உங்கள் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பழைய சபைக் கிராமங்களில் காலையும் மாலையும் கோயில் மணி அடிக்கும். பனையேறிகளுக்கு விடிவதற்கு முன்னே மரத்துக்குப் போக வேண்டும். பெண்களுக்குப் பதநீர் காய்ச்சும் அடுப்பை விட்டு நகர முடியாது. ஓய்வான வாழ்க்கை அல்ல அது. ஆனால் மணி அடித்தால் போக முடிந்தவர் கோயிலுக்குப் போவார். போக முடியாதவர் அடுப்படியில் நின்றபடியே தலையை மூடிக்கொண்டு ஜெபிப்பார். உபதேசியார் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். உங்கள் தாத்தா பாட்டியின் பக்தியில் பாதியை அந்த ஊர் தாங்கிக்கொண்டது. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த மணியும் இல்லை, விசாரிக்க ஆளும் இல்லை. எல்லாவற்றையும் உங்கள் மன உறுதி ஒன்றே செய்யவேண்டியிருக்கிறது. அது தளர்ந்துபோவதில் ஆச்சரியம் என்ன? ஆகவே கூட யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடும்ப ஜெபம், பத்து நிமிடம், பிள்ளை மடியில் இருக்கட்டும், ஓடட்டும், அழட்டும். வாரத்தில் ஒரு நாள் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஜெபியுங்கள். 'இந்த வாரம் எப்படிப் போயிற்று?' என்று உங்களைக் கேட்க உரிமையுள்ள ஒருவர் வேண்டும்.

அடுத்தது அனல் குறைந்துபோனது. இதில் நான் கவனமாகப் பேசவேண்டும். பல காரணங்கள் ஒரே மாதிரி வெளியே தெரியும். அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு ஒரு மணிவரை விழித்திருந்துவிட்டு, அதிகாலை நான்கு மணி ஜெபம்தான் வல்லமையுள்ளது என்று யாரோ சொன்னதற்காக எழுந்து உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். கெத்செமனேயில் சீஷர்கள் துக்கத்தினாலே நித்திரைபண்ணினார்கள் என்று லூக்கா காரணத்தோடு எழுதியிருக்கிறார். சூரைச்செடியின் கீழே சாக விரும்பிய எலியாவிடம் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தூக்கத்தைச் சரிசெய்து பாருங்கள். ஜெபத்தில் மட்டுமின்றிப் பிள்ளையோடு விளையாடுவது, சாப்பாடு, நண்பர்கள் என்று எதிலுமே ருசி இல்லாமல் வாரக்கணக்கில் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதை ஆயர் தீர்க்க முடியாது; தீர்க்க முயலவும் கூடாது. உபவாச ஜெபத்தால் போய்விடும் என்று நிறுத்திவைக்கப்பட்டவர்கள் எவ்வளவு துன்பப்பட்டார்கள் என்பதைக் கிட்டே இருந்து கண்டவன் நான்.

இந்த வறட்சியைத் தேவனே அனுமதிக்கிறார், உணர்ச்சியைச் சார்ந்திராத அன்புக்கு நம்மை வளர்க்கிறார் என்று பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியத் துறவி சிலுவை யோவான் போன்ற பெரியவர்கள் போதித்திருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு என்று நம்புகிறேன். ஆனால் உங்களுடைய வறட்சி அந்த வகையா, வெறும் களைப்பா, கவனிக்காமல் விட்ட பாவமா என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒன்று உண்டு: 'ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்' என்று எபேசு சபைக்குச் சொன்ன வசனத்தை வைத்துப் பலர் தங்களை வருத்திக்கொள்கிறார்கள். அதற்கு அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். 'ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக' என்கிறார். ஆதியில் வந்த கண்ணீரைத் திரும்ப வரவழைக்கச் சொல்லவில்லை. இருபது வயதில் முகாமில் வந்த உணர்ச்சி முப்பத்து மூன்று வயதில் அதே வடிவில் வரவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அன்று என்ன செய்தீர்கள்? யாரையாவது மன்னித்தீர்களா, விடுதியில் பசியோடு இருந்தவரோடு சாப்பாட்டைப் பங்கிட்டீர்களா, சங்கீதங்களை மனப்பாடம் செய்தீர்களா? அவற்றைச் செய்யத் தொடங்கலாம்.

இருதயம் விலகுவது என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. நீங்கள் பயப்படுகிற இடத்தில் அந்த ஆபத்து பெரும்பாலும் இருக்காது. விதைக்கிறவனின் உவமையில் முள்ளுகள் எவை என்று ஆண்டவரே விளக்குகிறார். 'உலகக் கவலைகளும், ஐசுவரியத்தின் மயக்கமும்' என்று கவலையைத்தான் முதலில் வைக்கிறார். கவலை பாவம்போலத் தெரியாது, பொறுப்புபோலத் தெரியும். வீட்டுக் கடனின் மாதத் தவணை, பிள்ளைக்கு நல்ல பள்ளியில் இடம், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா, ஆட்குறைப்பு வருமோ என்ற பயம். இவையெல்லாம் நியாயமானவை. ஆனால் காலையில் கண் விழித்ததும் முதலில் எழுகிற எண்ணமாகவும், முடிவுகள் எடுக்கும்போது கடைசி வார்த்தை சொல்லுகிறதாகவும் இவை ஆகிவிட்டால், அங்கே வேறு எஜமான் உட்கார்ந்துவிட்டார். நம் மேடைகளில் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் எதிராக நிறையப் பேசுகிறோம். அப்படிப் பேசுகிற பெரியவர்களின் வைராக்கியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வரதட்சணை, தங்கம், பூர்வீகச் சொத்துக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருப்பது, சாதி பார்த்துப் பெண் கொடுப்பது, இவையெல்லாம் நம் கிறிஸ்தவ வீடுகளில் உலகமாக எண்ணப்படுவதே இல்லை. ஒரு படம் பார்த்துவிட்டோம் என்று அழுகிறவர், தங்கையின் பங்கைக் கொடுக்காததற்கு அழுவதில்லை.

ஆகவே உங்களைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், ஜெபத்தில் எத்தனை நிமிடம் மனம் நின்றது என்று அளக்காதீர்கள். அலுவலகத்தில் ஒரு பொய்யைச் சாதாரணமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். காணிக்கையும் தர்மமும் சம்பளம் ஏற ஏறச் சுருங்குகிறதா? உடன் வேலை செய்கிறவரின் உயர்வு உள்ளே எரிகிறதா? மனைவிக்குக் காட்ட முடியாதது ஏதாவது உங்கள் செல்போனில் இருக்கிறதா? மன்னிக்க மறுத்துவைத்திருக்கிற பெயர் ஒன்று இருக்கிறதா? இவற்றில் எதிலாவது மனம் உறுத்தினால், அந்த உறுத்தலோடு அமர்ந்து ஜெபியுங்கள். அதை அறிக்கையிட்டுச் சரிசெய்த பிறகு ஜெபம் திறந்துகொண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

சபை வேலையும் கவனத்தைக் கெடுக்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மார்த்தாள் கலங்கியது இயேசுவுக்குச் செய்த பணிவிடையில்தான். பாடகர் குழு, வாலிபர் சங்கம், அசனப் பண்டிகை, அதற்கு மேல் சபைத் தேர்தல் என்று ஓடி, ஆலய வளாகத்திலேயே வாழ்ந்து தேவனை மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் காலத்தில் அணி சேர்ந்து பேசத் தொடங்கினால், திருவிருந்தில் பக்கத்தில் முழங்காற்படியிட்டிருப்பவர் எந்த அணி என்றே மனம் பார்க்கும். உங்கள் வயதில் உற்சாகத்தோடு வருகிறவர்களை இதில் இழுத்துவிடுவார்கள். ஏதாவது ஒரு பணியை எடுங்கள், அதை நன்றாகச் செய்யுங்கள், மற்றவற்றுக்கு இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.

கடைசியாக, ஊழியத்துக்கு வரவேண்டுமா என்ற கேள்வி. உங்களுக்கு அழைப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம். ஆனால் ஜெபத்தில் மனம் நிலைக்கவில்லை என்பது அழைப்புக்கு ஆதாரம் ஆகாது. வேலை கசந்த நாட்களில் மட்டும் எழுந்து, பதவி உயர்வு வந்த மாதத்தில் மறைந்துபோகிற ஆசையையும் நம்ப வேண்டாம். ஓரிரண்டு ஆண்டுகள், இருக்கிற வேலையோடு, சிறு பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி வகுப்பு எடுங்கள், அல்லது மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்தியுங்கள். யாரும் பாராட்டாத அந்தப் பணியிலும் ஆசை நிலைத்து நின்றால், உங்களை அறிந்த ஆயரிடம் போய்ப் பேசுங்கள். அதற்கு முன்னால் பேசவேண்டிய ஒருவர் இருக்கிறார். நீங்கள் எழுதியதில் முகாம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, செல்போன் இருக்கிறது, பிள்ளைகூட இருக்கிறது. மனைவி இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. இன்று இரவு பிள்ளை தூங்கிய பிறகு, என்னிடம் கேட்ட இதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள். அவரும் நீங்களும் ஒருமனப்படும்வரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.